ஆறு நாள் வெளியூர்: பூனையை வீட்டில் விட்டுப் போகலாமா?

சாம்பல்வால் (கேள்வி):

ஆறு ராத்திரி வெளியூர்ப் பயணம். பூனையைக் கூட்டிப் போக வழியில்லை.

பூனை விவரம்: 4 வயது ஆண், கருத்தடை ஆனது, 5.2 கிலோ, வாசலைத் தாண்டாத வீட்டுப் பூனை. காலை, மாலை சேர்த்து 45 கிராம் ட்ரை ஃபுட், ராத்திரி 85 கிராம் வெட் ஃபுட் பாக்கெட் ஒன்று. பெரிய நோய் எதுவும் கிடையாது. போன வருஷம் ஒரு தடவை சிறுநீரில் லேசாக ரத்தம் வந்தது, டாக்டர் ஸ்ட்ரெஸ் என்று சொல்லி மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: ஆட்டோமேட்டிக் ஃபீடர் (ஆறு நாளும் முழுக்க ட்ரை ஃபுட்), மோட்டார் வைத்த தண்ணீர் ஊற்று, பூனை மலஜலம் கழிக்க மணல் போட்ட தட்டு (லிட்டர் ட்ரே) இரண்டு, ஹாலில் ஒரு கேமரா. பக்கத்து வீட்டு அக்கா மூன்றாம் நாள் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறேன் என்கிறார். இது போதுமா? இல்லை, போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு பூனையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடுவதுதான் நல்லதா?


மீசைக்கணக்கு:

போதாது. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிட்டீர்கள், மூத்திரம் போகிறதா என்று பார்க்க ஆள் வைக்கவில்லை. அதுவும் ஆண் பூனை, ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் வந்த பூனை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான்.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனிக்குப் போகப் போகக் குறுகிவிடும். அழற்சியால் வரும் சளியும் படிகத் துகள்களும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொண்டால் சொட்டு மூத்திரம் வெளியே வராது. சிறுநீர்ப்பை உப்பும், சிறுநீரகம் திணறும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பைக் குலைக்கும். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து. அக்கா மூன்றாம் நாள் கதவைத் திறக்கும்போது காலம் கடந்திருக்கும். இந்த அழற்சியைக் கிளப்பிவிடுவதில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு ஆட்கள் திடீரென்று காணாமல் போவது, சாப்பாட்டு நேரம் மாறுவது எல்லாம் பூனைக்கு மன அழுத்தம்தான்.

அடுத்தது, "ஆறு நாளும் முழுக்க ட்ரை ஃபுட்". வெட் ஃபுட்டில் 80 சதவீதம் அளவுக்குத் தண்ணீர்தான் இருக்கிறது. அந்த 85 கிராம் பாக்கெட்டை நிறுத்தினால் ஒரு நாளைக்கு 65-70 மில்லி தண்ணீர் உடம்புக்குள் போகாது. பூனைக்குச் சாப்பாட்டில் வருவதையும் சேர்த்துக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி வேண்டும். உங்கள் பூனைக்கு 260 மில்லி. அதில் கால் பங்கு ஒரே நாளில் குறைகிறது. கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் முழுசாக ஈடு கட்டாது. மூத்திரம் கெட்டியாகும். இரண்டு நாளில் ட்ரேயும் நாறும், நாறுகிற ட்ரேயில் போக மனசில்லாமல் பூனை அடக்கிக்கொள்ளும். பதற்றம், தண்ணீர் குறைவு, அழுக்கு ட்ரே, மூன்றையும் ஒரே வாரத்தில் ஒன்று சேர்க்கிறீர்கள்.

சாப்பிடாமல் கிடப்பதும் பூனைக்கு நாய் மாதிரி சாதாரண விஷயம் இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவிந்து அது வேலை செய்வதை நிறுத்தலாம். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஃபீடர் நேரத்துக்குக் கொட்டியது என்பது வேறு, பூனை சாப்பிட்டது என்பது வேறு.

ஆகவே 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மனிதர் உள்ளே வந்து ட்ரேயைக் கிளற வேண்டும். அக்காவால் தினமும் வர முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் காசு கொடுத்தாவது ஆள் பிடியுங்கள். போர்டிங் அதற்கப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம். பூனைக்கு ஆளை விட இடம்தான் பெரிது. முடிந்தவரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.


பஞ்சுப்பாதம்:

கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருக்கே? பூனை தனியா இருக்கிற பிராணிதானே. நிறைய பேர் ரெண்டு நாள் கிண்ணம் நிறைய போட்டுட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகிறதில்லை. கேமராவும் இருக்கு.


மீசைக்கணக்கு:

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வாஸ்தவம். ஆரோக்கியமான வளர்ந்த பூனையை ஒரு ராத்திரி, அதாவது 24 மணி நேரம், ட்ரை ஃபுட்டும் இரண்டு கிண்ணம் தண்ணீரும் சுத்தமான ட்ரேயும் வைத்துவிட்டுப் போகலாம். நான் அதற்கு எதிரி இல்லை. அதைத் தாண்டினால் பூனை நன்றாக இருக்கிறது என்று அனுமானம்தான் செய்ய முடியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, வயசான பூனை, மருந்து சாப்பிடும் பூனை என்றால் அந்த 24 மணி நேரமும் கிடையாது.

கேமராவைப் பற்றி: பூனை ட்ரேயில் ஏறி உட்கார்ந்தது தெரியும். மூத்திரம் வந்ததா என்பது தெரியாது. அடைத்துக்கொண்ட பூனையும் ட்ரேக்குப் போகும், சொல்லப்போனால் பத்து தடவை போகும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று வீட்டுக்காரர்களே ஏமாந்துபோவது சகஜம். கேமரா வைப்பதென்றால் ஹாலில் வைக்காமல் ட்ரேயும் தண்ணீர்க் கிண்ணமும் ஒரே காட்சியில் விழும்படி வையுங்கள். சோபாவில் தூங்கும் பூனையைப் பார்ப்பது உங்கள் மன ஆறுதலுக்கு மட்டும்தான்.


பல்சக்கரம்:

ஃபீடரைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

கவிழ்த்து வைத்த பாட்டில் மாதிரி, கிண்ணம் காலியாகக் காலியாக மேலிருந்து தானாக இறங்கும் ரகம் என்றால் வேண்டாம். அது அளவு பார்க்காது. பூனை முதல் நாளே தின்று தீர்த்து வாந்தி எடுக்கும், நாலாம் நாள் காலி. நேரம் வைத்துக் கொட்டும் ரகம் என்றால் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பூனை பழக வேண்டும், மெஷினின் குறைகளும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வெளியே வர வேண்டும்.

1. "ஒரு போர்ஷன்" என்பது எடை இல்லை, கொள்ளளவு. உள்ளே ஒரு சக்கரம் சுற்றுகிறது, அதன் பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் விழும். ட்ரை ஃபுட் மணியின் அளவைப் பொறுத்து அது 5 கிராமாகவும் இருக்கும், 12 கிராமாகவும் இருக்கும். பத்து போர்ஷன் தொடர்ந்து கொட்டவிட்டு சமையலறைத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, கால்வாசி இருக்கும்போது ஒரு தடவை நிறுங்கள். அடியில் கொஞ்சமாகக் கிடக்கும்போது மணி சரியாகச் சரியாது, போர்ஷன் இளைத்துவிடும். அதனால் ஆறு நாளுக்கு 270 கிராம் போதும் என்று கணக்குப் போட்டு அவ்வளவே கொட்டாதீர்கள், 500 கிராமாவது உள்ளே இருக்கட்டும்.

2. சிக்கிக்கொள்வது. மணி பெரிதாக, தட்டையாக, முக்கோணமாக இருந்தால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டும். ஈரக்காற்று பட்டு மணி பிசுபிசுத்தால் பாலம் மாதிரி ஒட்டிக்கொண்டு, மேலே நிறைய இருக்கும், கீழே ஒன்றும் விழாது. மூடியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைக்க இடம் இருக்கும், அதில் புதுப் பொட்டலம் போடுங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் தொட்டியை நிரப்புங்கள். சக்கரத்தில் துளி ஈரம் இருந்தாலும் முதல் நாளே கூழ்.

3. கரண்ட். அடாப்டரும் மாட்ட வேண்டும், பேட்டரியும் போட வேண்டும். சோதிக்கும் முறை: பத்து நிமிஷம் கழித்து ஒரு வேளை வைத்துவிட்டு அடாப்டரைப் பிடுங்குங்கள். நேரத்துக்கு விழுந்ததா? மறுபடி மாட்டுங்கள், கடிகாரம் சரியாக ஓடுகிறதா, வைத்த நேரங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். சில மெஷின் கரண்ட் போய் வந்தால் நள்ளிரவு 12 மணியிலிருந்து ஆரம்பிக்கும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும், பல ஃபீடர்கள் 1.5 வோல்ட் ஆல்கலைன்தான் கேட்கும். லைட் எரியும், மோட்டார் சுற்றாது.

4. வைஃபை ஃபீடர் என்றால் ரூட்டரை அணைத்துவிட்டு ஒரு வேளை பாருங்கள். அட்டவணை மெஷினுக்குள்ளேயே பதிந்திருந்தால் கொட்டும், இல்லையென்றால் பட்டினி. கிளம்புவதற்கு முந்தின நாள் ஆப் "அப்டேட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. பசித்த பூனை மெஷினைத் தள்ளும், வாயில் கையை விட்டு நோண்டும். மூலையில் நிறுத்தி, அடியில் இரு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள். மூடியைத் தூக்கப் பழகிய பூனை என்றால் சுற்றி ஒரு பெல்ட்.

எறும்பு வரும் வீடு என்றால் ஃபீடரின் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் போதும். மெஷினையே தண்ணீரில் நிறுத்த முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

தண்ணீர் ஊற்றைப் பற்றி ஒரே வரி: அதை மட்டும் நம்பக் கூடாது. முடி போய் பம்பு அடைக்கும், மட்டம் இறங்கினால் பம்பு காய்ந்து கருகும், கரண்ட் போனால் நிற்கும். அகலமான கனமான பீங்கான் கிண்ணம் மூன்று, வெவ்வேறு அறைகளில், அரை லிட்டர் வீதம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுகூட வேண்டாம், தள்ளி வைத்தால் அதிகம் குடிக்கும்.


சாம்பல்வால்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் பேசிவிட்டேன், தினமும் சாயங்காலம் 20-30 நிமிஷம் வருகிறேன் என்கிறார். அவர் பூனை வளர்த்ததில்லை. எங்கள் பூனையோ புது ஆளைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது? வெட் ஃபுட் அவரே வைத்துவிடலாமா?


கட்டில்கீழ்:

வெட் ஃபுட் கண்டிப்பாக அவரே வைக்கட்டும், அதுதான் அவருடைய வருகையின் முதல் வேலை. பாக்கெட்டோடு இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து வைத்தால் வாசனையும் எழும், தண்ணீரும் உள்ளே போகும். வைத்துவிட்டு ட்ரே வேலையைப் பார்க்கட்டும், கிளம்பும்போது மிச்சம் இருந்தால் பூனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் தரலாம் என்று ஆசைப்பட்டு நாளைக் காலை வரை விட்டுவிடக் கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த வெட் ஃபுட் கெட்டுப்போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப் பூனை அவர் இருக்கும்போது சாப்பிடாது, அதனால் முதல் இரண்டு நாள் பாதிப் பாக்கெட் மட்டும் வைக்கட்டும், கிளம்பும்போது மிச்சத்தை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவட்டும்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் அக்காவை மூன்று நாளாவது வரச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இருங்கள், வெட் ஃபுட்டை அவர் கையால் வைக்கட்டும். பூனையைக் கொஞ்சவோ கூப்பிடவோ வேண்டாம், தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதைப் பார்க்காதவரைத்தான் பூனை முதலில் நம்பும்.

எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு தாள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த வரிசையில் எழுதுங்கள்:

கதவைத் திறக்கும்போது கால் உயரத்தில் கண் இருக்கட்டும். உள்ளே வந்ததும் கதவைச் சாத்து, அப்புறம்தான் பை, செருப்பு எல்லாம்.

பூனையைக் கண்ணால் பார். எங்கே ஒளியும் என்று நாலு இடம் எழுதி வையுங்கள் (கட்டிலடி, அலமாரி மேல்தட்டு, திரைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பின்புறம்). டார்ச் அடித்து இரண்டு கண் மின்னினால் போதும், இழுக்க வேண்டாம். இழுத்தால் கையில் கடி விழும், பூனைக் கடி ஆழமாகப் போய்ச் சீழ் வைக்கும்.

வெட் ஃபுட் வை. ஃபீடர் கிண்ணத்தில் நேற்றைய மிச்சம் இருக்கிறதா பார். தொட்டியில் இறங்கியிருக்கிறதா பார்.

ட்ரேயைக் கிளறு. இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்கூப்பை ட்ரேயின் அடி வரைக்கும் விட்டு மூலையிலிருந்து சுவரோடு ஒட்டி இழுக்க வேண்டும். மேலாகக் கிளறினால் அடியில் ஒட்டிய கட்டி உடைந்து கணக்கு தப்பும். வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலு மூத்திரக் கட்டி வரும், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு அல்லது கொஞ்சம் பெரிது. மலம் ஒரு தடவை. இரண்டு ட்ரேயையும் முழுசாகச் சுத்தம் செய்துவிட வேண்டும், அப்போதுதான் நாளை கிடப்பது இந்த 24 மணி நேரத்தின் கணக்கு என்று உறுதியாகத் தெரியும். எடுத்ததை ஒரு தட்டில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அருவருப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் ஊரிலிருந்து பார்க்கக்கூடிய ஒரே பரிசோதனை ரிப்போர்ட் அதுதான். மணல் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருக்கும்படி மேலே நிரப்பிவிட வேண்டும். இந்த வாரம் பார்த்து மணல் பிராண்டை மாற்றாதீர்கள்.

தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிப் புதிதாக ஊற்று. நிரப்புவது மட்டும் போதாது, வழுவழுப்பு படிந்திருக்கும்.

கடைசியாக, கிளம்பும்போது இன்னொரு தடவை பூனையைப் பார்த்துவிட்டு, எல்லா அறைக் கதவும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ.

தாளின் பின்பக்கம், எப்போது உடனே போன் செய்வது என்று எழுதுங்கள்: ட்ரேயில் ஒரு மூத்திரக் கட்டிகூட இல்லை. அல்லது கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுக் கட்டி. ட்ரேக்கு வெளியே, குளியலறைத் தரையில், சொட்டுச் சொட்டாக. பூனை ட்ரேயில் உட்கார்ந்து கத்துகிறது, அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை. இதில் முதல் ஐந்துக்கும் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, ராத்திரியானாலும் டாக்டரிடம் போக வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் முதலில் உங்களுக்குப் போன் வரட்டும், 48 மணி நேரம் ஆக விடாதீர்கள்.

இன்னொன்றும் தடித்த எழுத்தில்: வீட்டிலிருக்கும் மனித மருந்து எதுவும் கொடுக்காதே. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு விடும் உண்ணி மருந்திலும் பெர்மெத்ரின் இருக்கலாம், அதுவும் பூனைக்கு நஞ்சு.


மீசைக்கணக்கு:

அருமை. இரண்டே சேர்க்கை. கேரியர் பெட்டியைப் பரணில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இன்றைக்கே இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே பழைய துணி போட்டு ஹாலில் வையுங்கள். அவசரத்தில் பரணிலிருந்து இறக்குகிற பெட்டிக்குள் எந்தப் பூனையும் போகாது. அடுத்தது, உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம்: நான் இல்லாதபோது இவர் கொண்டு வருவார், இந்தத் தொகை வரை என்னைக் கேட்காமலே சிகிச்சை தொடங்கலாம், அதற்கு மேல் என்னைக் கூப்பிடுங்கள், நான் கிடைக்காவிட்டால் இவர் முடிவெடுப்பார். விமானத்தில் நாலு மணி நேரம் போன் கிடைக்காத நேரம்தான் இது தேவைப்படும் நேரம். மைக்ரோசிப் இருந்தால் அதில் பதிந்த நம்பர் இப்போதும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.


ஜன்னலோரம்:

வீட்டைப் பூட்டுமுன் சுற்றிப் பார்க்க வேண்டியவை, சுருக்கமாக:

கதவு. காற்றிலோ பூனை உரசியோ ஒரு கதவு சாத்திக்கொண்டால் பூனை ஒரு பக்கம், ட்ரே ஒரு பக்கம். உள்கதவு எல்லாவற்றுக்கும் தடுப்புக் கட்டை வையுங்கள், அல்லது கைப்பிடியில் துணி சுற்றிவிடுங்கள். ட்ரே இரண்டையும், தண்ணீரையும் வெவ்வேறு அறையில் வைப்பது இதற்காகவும்தான்.

ஜன்னல். மேல் பக்கம் மட்டும் உள்ளே சாயும் ஜன்னலைச் சாய்த்து வைக்கவே கூடாது. பூனை வெளியே போகப் பார்த்து அந்த V வடிவ இடுக்கில் வழுக்கி இறங்கி மாட்டிக்கொள்ளும், திமிறத் திமிற இறுகும். கொசுவலையை நம்பித் திறந்து வைப்பதும் வேண்டாம், அது கொசுவுக்கு. திரை ஏற்றும் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டுங்கள்.

நூல், ஊசி, ரப்பர் பேண்ட், பரிசுப் பொட்டல ரிப்பன், நூல் கட்டிய விளையாட்டுக் குச்சி எல்லாம் அலமாரிக்குள். பூனை நாக்கிலுள்ள முள் பின்னோக்கி இருப்பதால் வாயில் போன நூல் உள்ளேதான் போகும், குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் அக்கா இழுக்கக் கூடாது என்பதையும் தாளில் சேருங்கள்.

பூச்செண்டில் லில்லி இருந்தால் பூனை இருக்கும் வீட்டில் அது எப்போதுமே வேண்டாம். இதழ், இலை மட்டுமில்லை, முடியில் விழுந்த மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும்.

வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், டாய்லெட் மூடியை மூடுங்கள். வாஷிங் மெஷின் கதவு சாத்தியிருக்கட்டும், சாத்துமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். பெட்டி கட்டும் நாளில் அலமாரிக்குள் புகுந்து தூங்கும் பூனையைச் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போவதும் நடக்கும். அதனால் பூட்டைத் திருப்புவதற்கு முன் பூனை எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு நாளாகத் துவைக்காத உங்கள் பனியன் ஒன்றைப் படுக்கையில் போட்டுவிட்டுப் போனால் நல்லது.


இன்சுலின்வீடு:

இதே திரியில் ஒரு கேள்வி. எங்கள் பூனைக்கு சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. இதே மாதிரி பக்கத்து வீட்டு ஆளை வைத்துச் சமாளிக்க முடியுமா? போர்டிங் பரவாயில்லையா?


மீசைக்கணக்கு:

ஊசி போட்டுப் பழகிய ஆள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருவார் என்றால் முடியும். இல்லையென்றால் மருத்துவமனையோடு இணைந்த போர்டிங்தான் சரி. வீட்டிலேயே என்றால் நாலு விதிகளைத் தாளில் எழுதுங்கள். சாப்பிடவில்லை, அல்லது வாந்தி எடுத்தது என்றால் ஊசி கிடையாது, டாக்டருக்குப் போன். ஊசி உள்ளே போனதா, முடியில் போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம், இரண்டு மடங்கு போனால் சர்க்கரை தாழ்ந்து பூனை போய்விடும். தள்ளாடினால், துடித்தால், சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். நாலாவதுதான் ரொம்பப் பேர் கோட்டை விடுவது: யு-40 இன்சுலினுக்கு (ஒரு மில்லியில் 40 யூனிட்) யு-40 சிரிஞ்ச்தான். கடையில் கிடைத்தது என்று யு-100 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் அளவு 2.5 மடங்கு குறையும், யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் இழுத்தால் 2.5 மடங்கு கூடும். ஆறு நாளுக்கும் வேண்டிய சிரிஞ்சை எண்ணி, சரியான அளவில் ஒரு கோட்டை மார்க்கரால் வரைந்து காட்டி, மிச்ச சிரிஞ்சையும் அதே டப்பாவில் வைத்துவிட்டுப் போங்கள்.


கட்டில்கீழ்:

போர்டிங் என்று முடிவானால் தடுப்பூசியை முதலில் பாருங்கள். ஒழுங்கான இடம் என்றால் பேன்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் ஊசி போட்ட அட்டையைக் கேட்கும். கேட்காத இடத்தில் விடாதீர்கள், உங்கள் பூனைக்குப் பக்கத்துக் கூண்டில் இருப்பதையும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். இதுவரை போடாத பூனைக்கு மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், டிக்கெட் போட்ட பிறகு யோசித்தால் நேரம் இருக்காது. நேரில் போய்ப் பாருங்கள்: நாய்க் குரைப்பு கேட்கிறதா, கூண்டுகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, ஒவ்வொன்றிலும் பூனை புகுந்து ஒளிய ஒரு பெட்டி இருக்கிறதா, மூத்திரக் கணக்கை யாராவது எழுதி வைக்கிறார்களா. சாப்பாடு, மணல், படுக்கைத் துணி மூன்றும் உங்கள் வீட்டிலிருந்தே போகட்டும். திரும்பி வந்து ஒரு வாரத்தில் தும்மல், கண்ணில் நீர் வந்தால் பழைய ஹெர்பிஸ் அழுத்தத்தில் தலைதூக்கியிருக்கலாம், காட்டிவிடுங்கள்.


சாம்பல்வால்:

தாள் எழுதிவிட்டேன். ஃபீடரை நிறுத்துப் பார்த்தேன், ஒரு போர்ஷன் 5 கிராம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, எங்கள் ட்ரை ஃபுட் மணிக்கு 8 கிராம் விழுகிறது. நல்லவேளை கேட்டேன். கடைசியாக ஒன்று: திரும்பி வந்ததும் கவனிக்க வேண்டியது ஏதாவது?


பல்சக்கரம்:

8 கிராம் என்றால் காலை 3, மாலை 3 வைத்தால் 48 ஆகிறது, சரியாகவே இருக்கும். கிளம்பும் நாள் காலையில் பூனையை எடை போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறிக் கழிக்கலாம், ஆனால் ஆள் ஏறும் மெஷின் 100 கிராம் தப்புக் காட்டும். குழந்தை எடை மெஷின் கிடைத்தால் அதுவே நல்லது. வந்ததும் மறுபடி போடுங்கள். 260 கிராம், அதாவது 5 சதவீதம், குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.


கட்டில்கீழ்:

வந்த அன்றைக்குப் பாவம் என்று இரண்டு பாக்கெட் வைக்காதீர்கள், வாந்திதான் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும், அதுவாக வரும். ட்ரேயை மட்டும் இன்னும் ஒரு வாரம் எண்ணிக்கொண்டே இருங்கள். வீடு மறுபடி கலகலப்பாவதும் அதற்கு ஒரு மாற்றம்தான், அடைப்பு நீங்கள் வந்த பிறகும் வரலாம்.